அம்மா ஒத்தையில் சாப்பிடப் போன நாள்

1

ஊரில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்துவிட்டது. உறைபனியில் கார் ஓட்டுகிறேன். மருந்துக்கடை ஒன்றில் ஏழு பேரை வேலை வாங்குகிறேன். வரி அலுவலகத்துக்காரரோடு போனிலேயே ஒண்டிக்கு ஒண்டி நின்று ஜெயித்திருக்கிறேன். இத்தனையும் செய்கிற நான், ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

நாங்கள் இருப்பது டொராண்டோவுக்கு வடக்கே ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு சின்ன ஊர். வேலை விஷயமாக வருடத்துக்கு இரண்டு தடவை டொராண்டோ போய் மூன்று நாள் தங்க வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுச் சாப்பாடும் அங்கே கிடைக்கும். தெருவுக்குத் தெரு வாசனை ஆளை இழுக்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? போன உடனே ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ஆறு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு விடுதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மூன்று நாளும் கட்டிலில் உட்கார்ந்து அதைத்தான் தின்பேன். திரும்பி வந்ததும் கடையில் உள்ளவர்கள், எங்கே சாப்பிட்டாய், எது நன்றாக இருந்தது என்று கேட்பார்கள். வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி வைப்பேன்.

ஒரு தடவை துணிந்து ஒரு கடையின் வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே, எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருத்திதான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று பேர், மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்றேன். வராத இரண்டு பேரைத் தேடப் போகிறவள் மாதிரி வெளியே வந்து, நேரே விடுதிக்கு நடையைக் கட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அம்மா. அவளை இங்கேயே என்னோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ள மனுப் போட வேண்டும் என்றுதான் இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு டொராண்டோ போனேன். போன இடத்தில் அவள் கொடுத்த அதிர்ச்சி இன்னும் எனக்கு நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

2

இந்தப் பயம் கனடாவில் பிடித்ததல்ல. தென்காசிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் பிடித்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை தென்காசியில் வந்து இறங்கினால், எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போகிற டவுன் பஸ் கண்முன்னாலேயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஒரு ஊத்தப்பம் சொன்னேன். சப்ளையர் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டே, "கூட யாரும்மா வந்திருக்காவ?" என்றார். நல்ல மனிதர்தான், அக்கறையாகத்தான் கேட்டார். "யாரும் வரல" என்றேன். பக்கத்து மேசை, அதற்கடுத்த மேசை, கல்லாவில் இருந்தவர் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஊத்தப்பம் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே அம்மா வைத்தாள் ஒரு அறை. "பொட்டப்புள்ள ஹோட்டல்ல ஒத்தையில போயி உக்காருவியாட்டி? பாக்கவன் என்ன நெனப்பான்? பசிச்சா வீட்டுக்கு வந்து தின்னத் தெரியாதா?" அந்த அறை கனடா வரைக்கும் என்கூட வந்துவிட்டது.

அதற்காக எங்கள் வீட்டில் ஹோட்டல் வாசலையே மிதிக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாரல் விழுந்துவிட்டால் அப்பாவுக்குக் குற்றாலம் போகாமல் இருப்புக் கொள்ளாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சாப்பிடப் போவோம். சீசன் நேரத்தில் அங்கே எப்படி இடம் பிடிப்பது என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவருக்குப் பின்னால் போய், அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் எழுந்தால் அது நம்முடையது. அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் அவரும் அப்படி நின்று பிடித்ததுதான் அது. நாலு பேர் மேசையில் ஒரு இடம் காலியானால், தெரியாத மூன்று பேரோடு நாமும் ஒருவராக உட்கார வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் நாற்காலி பிடிப்பது அம்மாவின் வேலை. ஒன்றைப் பிடித்து அப்பாவை உட்கார வைப்பாள். இன்னொன்றைப் பிடித்து என்னை உட்கார வைப்பாள். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

3

அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். அங்கே அப்போது சாயங்காலமாகியிருக்கும்.

"மத்தியானம் சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்ட்டி."

"என்ன சாப்பிட்ட?"

"என்னத்தையோ."

அந்த 'என்னத்தையோ'வை வைத்து நானாக ஒரு படம் வரைந்துகொண்டேன். இருட்டு அடுப்படி, பழைய சோறு, ஊறுகாய், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத கிழவி. புதன்கிழமைகளில் பல தடவை போனையே எடுக்க மாட்டாள். சுருண்டு படுத்துக் கிடக்கிறாள் போல என்று பதறிப்போவேன்.

சித்திரையில் பார்வையாளர் விசாவில் அழைத்து வந்தேன். அப்போது கேட்டார்கள், உன் அம்மா திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, ஊர் முழுக்கச் சொந்தம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். இப்போது நிரந்தரமாகத் தங்க வைக்க வேண்டுமென்றால், அவள் ஏன் திரும்பிப் போக முடியாது என்று எழுத வேண்டுமாம். வீடும் வயலும் சொந்தமும் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று அதே கையால் எழுதினேன். அம்மா சொல்வதாக ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும் என்றார் டொராண்டோ வக்கீல். அதையும் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். 'நான் தனியாக வெளியே செல்ல அஞ்சுகிறேன். என்னுடன் அமர்ந்து உண்ண எவரும் இல்லை. பல நாட்கள் ரொட்டியும் பழமும் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறேன்.' எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

என் வீட்டில் அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். தனி அறை, கம்பளி, அரிசி, தேங்காய், தமிழ் டிவி எல்லாம் உண்டு. வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட், அவர் எழுந்திருக்கும்போது சாயங்காலம். நான் நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஆள். பதினாறு வயது மகன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். "ஏலே, ஆச்சி கூட உக்காந்து சாப்பிடுலே" என்று அம்மா கூப்பிடுவாள். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமலே, "லேட்டர், ஆச்சி" என்று படியேறிவிடுவான். ஐந்து மாதமாக அந்த லேட்டர் வரவில்லை.

4

காலையில் நான் மட்டும் போய் வக்கீலோடு காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும், நாலு மணிக்கு அம்மா வந்து அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவை விடுதி அறையில் விட்டேன். எவர்சில்வர் டப்பாவில் தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் வைத்தேன். "யாரு தட்டினாலும் கதவத் திறக்காத. ஒரு மணிக்கெல்லாம் வந்துருதேன்" என்றேன். "சரிட்டி, போ" என்றாள்.

வக்கீல் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் போயிற்று. அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் உலகம்மாள், வயல் பத்திரத்தில் உலகம்மை. இரண்டும் ஒரே ஆள்தானா, அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். தென்காசிக் கோயிலில் இருக்கிற அம்மன் பெயரம்மா அது, எப்படிக் கூப்பிட்டாலும் வருவாள் என்று சொல்ல நினைத்தேன். சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை வாசித்துவிட்டு வக்கீல், மிகவும் உருக்கமாக இருக்கிறது என்றார்.

ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தேன். அறையில் ஆள் இல்லை. டப்பா திறக்கப்படாமல் மேசையில் இருந்தது. போன் சார்ஜரில் கிடந்தது. செருப்பைக் காணவில்லை.

கீழே ஓடிப் போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் எங்கம்மாவைக் காணோம் என்றேன். அவள் விழித்தாள். சத்தமாகத் திரும்பச் சொன்னேன், அப்போதும் விழித்தாள். மூன்றாவது தடவைதான் நான் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. பதினெட்டு வருடத்து இங்கிலீஷ் எங்கே போய்த் தொலைந்ததோ! என்ன உடை என்று கேட்டாள், சேலை என்றேன். என்ன நிறம் என்றாள். காலையில் அவ்வளவு நேரம் அம்மாவிடம் கதவைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் பேசியிருக்கிறேன், அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று பார்க்கவில்லை.

தெருவில் இறங்கி ஓடினேன். டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. வெளியே செல்ல அஞ்சுகிறவள், வெளியே செல்ல அஞ்சுகிறவள் என்று என் கடிதமே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ, அறுபத்தேழு வயதுக்காரியை இந்தக் காட்டில் கொண்டுவந்து தொலைத்துவிட்டேனே என்று வாய்விட்டே அழுதேன். எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

மூன்றாவது தெருமுனையில் ஒரு பழைய சாப்பாட்டுக்கடை. கண்ணாடிக்குள்ளே நீலச் சேலை தெரிந்தது.

5

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மத்தியானக் கூட்டம், ஒரு மேசை காலியில்லை. ஜன்னலோரத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு எதிரே என் அம்மா. இரண்டு பேர் முன்னாலும் ஒரே மாதிரித் தட்டு, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும். அம்மா கையால் பிசைந்து, நிதானமாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. வாசலிலேயே மரம் மாதிரி நின்றுவிட்டேன்.

"வாட்டி, வேல முடிஞ்சுதா? உக்காரு, சாப்பிடு" என்றாள்.

"என்னம்மா இது? எனக்கு உசுரே போயிட்டு! யாரு இவரு?"

"யாருக்குத் தெரியும்? நல்ல மனுசன்."

பரிமாறுகிற பெண்மணி ஓடி வந்து, நீங்கள்தான் மகளா என்று கேட்டார். நடந்ததை அவர்தான் சொன்னார். கடைக்குள் வந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள். யார் சீக்கிரம் முடிப்பார் என்று கணக்குப் போட்டு, நேரே இந்தப் பெரியவருக்குப் பின்னால் போய் அவர் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பத்து நிமிடம் நின்றாளாம்! பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார். இவள் ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தலையை ஆட்டியிருக்கிறாள். பெரியவர் காவலுக்கு ஆள் வைத்துவிட்டார் போல என்று கடையில் பேசிக்கொண்டார்களாம். கடைசியில் தாங்க முடியாமல் அவரே எதிர் நாற்காலியைக் காட்டியிருக்கிறார். அம்மா உட்கார்ந்து, அவர் தட்டைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அதுவே வேண்டும் என்று கையால் சொல்லியிருக்கிறாள்.

"பைய சாப்பிடுங்க, அவசரம் இல்லன்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அவருக்குத்தான் வெளங்கல."

அதோடு விட்டாளா? தட்டு வந்ததும் அது தனக்கு அதிகம் என்று பாதி உருளைக்கிழங்கை அள்ளி அவர் தட்டில் வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர் தட்டில்! இந்த ஊரில் இதற்குப் போலீஸைக் கூப்பிட்டாலும் கேட்பதற்கில்லை. நான் அம்மாவை முறைத்தேன். "எச்சிக் கையோடயாட்டி வச்சேன்? கை வைக்கதுக்கு முன்னாலதான எடுத்து வச்சேன்?" என்று அவள் என்னைத் திருப்பி முறைத்தாள்.

அந்தப் பெரியவரிடம் நூறு தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து, எதற்கு மன்னிப்பு, இவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்டார்.

6

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "தயிர்ச்சோறு வச்சிட்டுத்தான போனேன்?"

"அஞ்சு மாசமா அதத்தான தின்னுதேன்."

"பாஷ தெரியாத ஊர்ல எப்படிம்மா உனக்குத் தைரியம் வந்துச்சு?"

"புளியறையில மட்டும் என்ன பாஷ பேசுதான்? பாதிப் பேரு மலையாளம். லாரிக்காரன் இந்தியில பேசுதான்."

"புளியறைக்கு நீ எதுக்குப் போன?"

"சாப்பிடத்தான்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் முதல் வருசாந்திரம் முடிந்ததிலிருந்து, ஒவ்வொரு புதன்கிழமையும் என் அம்மா தென்காசிக்கு ஒரு பஸ், செங்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து புளியறைக்கு ஒரு பஸ் என்று மூன்று பஸ் ஏறிப் போகிறாள். கேரளாவுக்குள் நுழைகிற செக்போஸ்ட் பக்கத்தில், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் உட்கார்ந்து, இரண்டு பரோட்டாவும் கோழிச் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். கடையில் எல்லாருக்கும் அவள் ஆச்சி. சீசன் என்றால் குற்றாலம். கிருத்திகைக்குப் பண்பொழி மலைக்குப் போனால், கீழே இறங்கியதும் இட்லிக்கடை. என் மனதில் நான் வரைந்து வைத்திருந்த இருட்டு அடுப்படியை எந்தக் குப்பையில் போடுவது?

"தெனமும் போன் பண்ணிக் கேட்டேம்லா!" என்று கத்தினேன்.

"சாப்பிட்டியான்னு கேட்ட. சாப்பிட்டேன்னு சொன்னேன். எங்கன சாப்பிட்டன்னு என்னைக்காவது கேட்டியா?"

எனக்கு வந்த கோபத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தியது வெளியே வந்துவிட்டது. "நான் ஒரு ஊத்தப்பம் கேட்டு உக்காந்ததுக்கு வாசல்ல வச்சு அறஞ்சியே, அது என்ன நியாயம்?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"அறஞ்சேன். உங்கப்பா காதுல விழுந்தா உன் படிப்ப நிறுத்திருவாவளோன்னு பயம். அதுக்கு முந்தி நானே அடிச்சிட்டா அவிய ஒண்ணும் கேக்கமாட்டாவன்னு அடிச்சேன். தப்புத்தான். அத இன்னமுமா வச்சிட்டுத் திரியுத, கோட்டிக்காரி?"

பிறகு அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை. "நாப்பது வருசம் எல்லாருக்கும் போட்டுட்டு அடுப்படியில ஒத்தையிலதான் தின்னேன். கடைக்குப் போக ஆரம்பிச்ச பொறவுதான் எதுத்தாப்புல ஒரு ஆளப் பாத்துட்டுத் தின்னுதேன். எவன் எவனோ வருவான். கொழம்ப இந்தப் பக்கம் தள்ளும்பான், மழை உண்டாம்பான், போயிருவான். அது போதும் எனக்கு. இங்கன வந்து மறுபடியும் ஒத்தையில தின்னுதேன்."

என் வீட்டைத்தான் சொல்கிறாள்.

7

மணி மூன்றேகால் ஆகிவிட்டது. அந்த நிலைமையிலும் நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஐந்து மாத அலைச்சல், அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் தனியாக ஊரில் கிடக்க வேண்டாம் என்கிற எண்ணமும் போகவில்லை.

"என்ன எழுதியிருக்கு? வாசி. கையெழுத்துப் போடுததுக்கு முந்தி எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தனியாக வெளியே போகப் பயப்படுகிறேன் என்றேன். கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை என்றேன். ரொட்டியும் பழமும் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறேன் என்றேன்.

அம்மா சிரிப்பாள், இல்லையென்றால் வைவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. என் பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் நான் வழக்கம்போல வாங்கி வைத்திருந்த ரொட்டிப் பாக்கெட்டும் வாழைப்பழமும் இருந்தன.

"ஏட்டி, இது யாரப் பத்தி எழுதியிருக்க?"

"உன்னப் பத்தித்தாம்மா."

"நான் என்னைக்குட்டி ரொட்டி தின்னேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வரிகூட அவளுடையது இல்லை. அத்தனையும் என் கதை, அதை அவள் பெயரில் எழுதி, நானே அழுது, வக்கீலையும் உருக வைத்திருக்கிறேன்.

அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். வக்கீல் முன்னால்தான் போட வேண்டும் என்று நான் சொல்வதற்குள், தாளைத் தொடையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக உலகம்மாள் என்று தமிழில் எழுதி முடித்தாள். பிறகு தாளை என் மடியில் வைத்தாள்.

"கூட உக்காந்து திங்க ஆள் வேணும்னா என்கிட்ட நேராக் கேக்க வேண்டியதுதான? அதுக்கு எதுக்குட்டி வக்கீலு?"

எனக்காகப் புளியறையையே விட்டுக்கொடுத்துவிட்டாள், அதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவும் இல்லை. அவள் மடியில் தலையை வைத்து அழுது தீர்த்தேன். நாற்பத்து நாலு வயதில் அப்படி அழுவேன் என்று நான் நினைத்ததில்லை. அவள் என் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு நாங்கள் வக்கீல் அலுவலகத்துக்குப் போகவில்லை. மனு வேண்டாம் என்று போனில் சொன்னபோது அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு தடவையும் சொன்னேன், ஆங்கிலத்திலேயே சொன்னேன். ஐப்பசியில் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில்கூட, "நெசமாவே போகவாட்டி? இருக்கச் சொன்னா இருக்கேன்" என்று கேட்டாள். புளியறைக்கே போ என்று சொன்னது நான்தான். இரு என்று கேட்டிருந்தால் இருந்திருப்பாள்.